பெட்டை அக்காவுக்கு, சேவல் எனக்கு

அக்கா புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் அழுததை, உடன்பிறந்தவளைப் பிரியும் துக்கம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். சிலர் என் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார்கள். நான் அழுதது ஒரு கோழிக்காக. அம்பாசடர் காரின் பின் சீட்டில், அக்காவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், வாய் கட்டிய மூங்கில் கூடைக்குள் அது உட்கார்ந்திருந்தது. அப்பா தன் கையாலேயே கூடையை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாக அதை இன்னொரு முறை பார்த்தார். கல்யாணப் பெண்ணைக்கூட அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அது எப்படிப்பட்ட சீர் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா சேவல்கட்டுப் பிரியர். எங்கள் கோழிகளுக்குக் கறுப்பு உடம்பு, இறகுக்கு இறகு குறுக்கே வெள்ளைக் கோடு. தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும், கிட்டே வந்தால்தான் கோடுகள் பிரியும். சுற்றுவட்டாரத்தில் வரிக்கோழி என்றாலே அப்பாவின் ஞாபகம்தான் வரும். வரிச்சேவலை யார் கேட்டாலும் பிடித்துக் கொடுத்துவிடுவார். பம்புசெட்டு ரிப்பேருக்கு வந்தவருக்குக் கொடுத்திருக்கிறார், வழி கேட்டு வந்தவருக்குக் கொடுத்திருக்கிறார். பெட்டையை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். "பொட்டைய மட்டும் கேக்காதீங்க, வம்சமே அதுலதானுங்க இருக்குது" என்பார். முட்டை கேட்டால் அவித்துத்தான் கொடுப்பார். கேட்டவரால் கோபித்துக்கொள்ளவும் முடியாது, கையில் முட்டை சுடச்சுட இருக்கும்.

சேவலை வாங்கிப் போனவர்களும் அதை வைத்து இனம் பெருக்கலாம் என்று நினைத்ததில்லை. கட்டில் சண்டைக்கு விடுவார்கள், தோற்றால் குழம்பு வைப்பார்கள். வரிப்பெட்டை இல்லாமல் வரிச்சேவலுக்கு மதிப்பில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். அப்படிப் பொத்திப்பொத்திக் காத்த பெட்டைகளில் ஒன்றைத்தான் அப்பா அக்காவுக்குக் கொடுத்தனுப்பினார்.

அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். நான் கோவையில் விடுதியில் தங்கி விலங்கியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் எது நன்றாக நடந்தாலும் அது அக்காவின் கைராசி. அவள் விதை தொட்டுக் கொடுத்தால் முளைக்கும், அவள் கயிறு பிடித்தால் மாடு ஒழுங்காகக் கன்று போடும். நான் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி வந்த அன்றுகூட, "பெரியவ வெளக்கேத்திக் கும்புட்டா, அதான்" என்றார் அப்பா. போதாக்குறைக்கு அவள் நல்லவள் வேறு. விடுதிக்கு எனக்கு எள்ளுருண்டை செய்து கொடுத்தனுப்புவாள். ஒருத்தி செய்த எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே அவள் மேல் பொறாமைப்படுவது லேசான காரியம் இல்லை. நான் டப்பா காலியாகும்வரை அதைச் செய்தேன்.

அவள் கல்யாணம் முடிந்து நான் விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் வகுப்பில் பறவைகளின் பால் குரோமோசோம் பாடம் வந்தது. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். பறவையில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். தாய்க்கோழி தன்னிடம் உள்ள ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும். மகளுக்கு டபிள்யூதான். மகளின் இசட் தகப்பனிடமிருந்துதான் வந்தாக வேண்டும். இதை விளக்கப் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்தது வரிக்கோழியை. வெள்ளைக் கோடு போடும் மரபணு இசட்டில் இருக்கிறது என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மனசுக்குள் கணக்கு ஓடியது. அக்கா கொண்டுபோன வரிப்பெட்டையை அந்தியூர்ப் பக்கம் அவள் மாமனார் தோட்டத்துக் கறுஞ்சேவலோடு சேர்த்தால், பிறக்கும் சேவல்குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் வரி இருக்கும். பெட்டைக்குஞ்சுகளில் ஒன்றுக்குக்கூட இருக்காது. பெட்டையிடமிருந்து பெட்டைக்கு வரி போகவே போகாது. அப்பாவின் தோட்டத்தில் அது நிலைத்ததற்குக் காரணம், இனத்துக்கு என்று அவர் நிறுத்திவைத்த சேவலும் வரியாக இருந்ததுதான். வருவோர் போவோருக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் கொடுத்தாரே, அந்தச் சேவல்களில்தான் வம்சம் இரண்டு பங்காக இருந்தது.

இரண்டு பங்கு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மனிதப் பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்றைப் பெரும்பாலும் உடம்பே மூடிவைத்துவிடுகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு சரியாக வரும்படி. சேவலின் இரண்டு இசட்டில் ஒன்றை அப்படி மூடுவதாகத் தெரியவில்லை என்றார் பேராசிரியர். இரண்டுமே வேலை செய்யும். அதனால்தான் எங்கள் சேவல்களில் வெள்ளைக் கோடு அகலம், பெட்டைகளில் ஒடுக்கம். சிறு வயதிலிருந்து நான் பார்த்துப் பழகிய வித்தியாசம் அது, காரணம் அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். இசட்டும் டபிள்யூவும் ஆதியில் ஒரே அளவான ஜோடியாம். ஒன்றுக்கொன்று துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தவையாம். ஏதோ ஒரு காலத்தில் பரிமாற்றம் நின்றுபோக, இசட் முழுசாகவே இருந்துவிட்டது, டபிள்யூ தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து சிறுத்துப்போனது. பக்கத்தில் இருந்தவள் கொட்டாவி விட்டாள். எனக்கோ அவர் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வதுபோல இருந்தது. தேய்ந்து சிறுத்தது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் மரத்தடியில் ஒரு சேவலின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வரி பொட்டையில இல்லீங்க. சேவல்லதான் இருக்குது. அக்கா ஊட்ல பொறக்கற பொட்டை அத்தனையும் கறுப்பாத்தான் போகும், பாருங்க."

"அப்படீங்களா அம்மணி" என்றார். கோபம் வந்தாலும் கேலி வந்தாலும் அவர் மகளையே வாங்க போங்க என்பார். "கோயமுத்தூருப் படிப்பு படிக்கற புள்ள சொல்றீங்க, கேட்டுக்கறேன். உங்கக்கா வர்றாளான்னு தெரியுமா? அவளுக்குன்னு கடலை எடுத்து வெச்சிருக்குது."

எனக்கும் கடலை பிடிக்கும்.

படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் எனக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு வேண்டிய ஷாப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை, பின்னாலேயே வீடு. தாலி கட்டி, விருந்து முடிந்து, கார் வந்து நின்றதும் நான் அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் கூடை வருகிறதா என்று. அப்பா கோழிகள் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சேவல் தொங்கியது. கூடைகூட இல்லை, கால்களைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்.

"இந்தச் சேவலப் பிடிச்சுக்க கண்ணு. பட்டறைல காவலுக்காச்சு."

வழி கேட்டு வந்தவருக்குக் கொடுப்பது. பம்புசெட்டு ரிப்பேர்காரருக்குக் கொடுப்பது. அதையேதான் எனக்கும் கொடுத்தார். இரண்டு பங்கு, அகலக் கோடு, கரும்பலகைப் பாடம் எதுவும் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை. காங்கேயம் தாண்டும்வரை அழுதேன். என் புருஷன் பாவம், அழுகையின் காரணம் புரியாமல், "நல்ல சேவலாத்தானுங்க இருக்குது" என்று சமாதானம் சொன்னார்.

கணபதியில் அந்தச் சேவல் லேத் சத்தத்துக்குப் போட்டியாகக் கூவியது. கொஞ்ச நாள் அதை முகம்கொடுத்துப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் சந்தையில் சாதாரணக் கறுப்புப் பெட்டைகள் சிலவற்றை வாங்கிவந்து அதோடு விட்டேன். ஆசைக்கு வளர்த்தேன் என்று சொன்னால் பொய். பார்க்கிறேன் ஒரு கை என்றுதான் வளர்த்தேன். முட்டை சேர்ந்ததும் மணல் பரப்பிய சட்டியில் அடை வைத்தேன். இடி விழுந்தால் முட்டை கெட்டுவிடும் என்று எங்கள் பக்கம் சட்டியில் இரும்புத்துண்டு போட்டுவைப்பார்கள். எம்.எஸ்சி. படித்த நானும் பட்டறையிலிருந்து ஷாப்ட் வெட்டின துண்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். இந்த விஷயத்தில் எதையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

வரி வரப்போகும் குஞ்சுக்குப் பிறக்கும்போதே கறுப்புத் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். பொரித்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தலையிலும் பொட்டு. சேவல், பெட்டை, அத்தனைக்கும். சமையலறைக்கு ஓடிப்போய் யாரும் பார்க்காமல் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் பாதி என் குஞ்சுகளுக்கு, மீதி அக்காவின் குஞ்சுகளை நினைத்து.

அக்கா மகனின் காதுகுத்துக்கு அந்தியூர்ப் பக்கம் போனபோது அதையும் நேரிலேயே பார்த்தேன். அவளுடைய வரிப்பெட்டை கம்பு கொத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அதன் மகள்களும் மகளின் மகள்களும். எல்லாம் காக்காய்க் கறுப்பு, பேருக்கு ஒரு கோடு இல்லை. வரியோடு பிறந்த சேவல்கள் எங்கே என்று கேட்டேன்.

"சேவல எதுக்குடி வெச்சுக்கறது? கேட்டவிங்களுக்கெல்லாம் குடுத்துப்போட்டேன். அப்பா மாதிரித்தான்" என்றாள் பெருமையாக. "பொட்டைய மட்டும் ஒன்னுகூட வெளிய உடல. அடுத்த அடையில வரி வந்துரும்னு அப்பா சொன்னாரு."

அப்பா சொன்னபடி எல்லாம் செய்திருந்தாள். வரியைச் சுமந்த சேவலையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு, வரியே இல்லாத பெட்டைகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது உண்மையாகவே பதறியது. பொறாமைக்காரிக்கும் பதறும்.

"அக்கா, சொன்னாக் கேளு. இந்தக் கறுப்புப் பொட்டைகளை வெச்சு ஒன்னும் ஆகாது. இனிமேப் பொறக்கற வரிச்சேவல்ல ஒன்ன நிறுத்து. தாய்க்கோழி இருக்கறப்பவே அதோட சேத்து உடு. பொட்டைகளக் குடுத்துப்போடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆருக்குக் குடுக்கோணும்? உனக்கா?"

நான் சட்டென்று வரிப்பெட்டை மேலிருந்து பார்வையை எடுத்தேன். "உனக்கு இந்தப் பொட்டை மேல கண்ணுன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னைக்கே பாத்தேன், கூடையவே பாத்துட்டு அழுதே" என்று என் கன்னத்தைத் தட்டினாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். நான் எரிச்சல் பிடித்தவள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, அதனால் நான் சொன்ன அறிவியலையும் எரிச்சலோடு சேர்த்தே தள்ளிவிட்டார்கள்.

அடுத்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ஒரு தோட்டத்தில் நுழைந்தால் கொத்தாகச் சாய்த்துவிடும் நோய். அப்பாவின் கோழிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பெட்டைகள், இனச்சேவல், எல்லாமே போயின. அக்காவின் வரிப்பெட்டையும் போனது. மிஞ்சியவை அவளுடைய கறுப்புப் பெட்டைகள் சில. நான் முன்பே கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வாங்கிப் போட்டிருந்தேன். என் கோழிகள் கணபதியில் குப்பையைக் கிளறிக்கொண்டு சௌக்கியமாக இருந்தன.

சேதி கேட்டு முதலில் வருத்தப்பட்டேன். இரண்டாவதாக வந்த நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். இனி அப்பா என்னிடம்தான் வர வேண்டும் என்று நினைத்தேன்.

வந்தார். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பியைக்கூடத் தொடாமல் நேரே பின்பக்கம் போனார். வரிப்பெட்டைகளையும் வரிச்சேவல்களையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மாமனார் வீட்டில், "உங்கப்பன் ஏமாத்திக் குடுத்த கோழி" என்று பேசுகிறார்களாம்.

"நம்ம வம்சம்னு இப்ப உன்ற ஊட்லதான் இருக்குது கண்ணு" என்றார் அப்பா.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அடை வைத்தேன், தடுப்பூசி போட்டேன், பட்டறைச் சத்தத்தில் குஞ்சு மெலிந்துபோகுமோ என்று பயந்து பயந்து காத்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. அவர் அடுத்த வார்த்தையையும் சொன்னார்.

"பெரியவளுக்கு ஒரு பொட்டை குடு."

தனக்கு என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கூடையோடு தூக்கிக் கொடுத்திருப்பேன். குளிர்ந்தது அப்படியே காந்தலாகிவிட்டது.

"பொட்டைய வெளிய குடுக்கற பழக்கம் நம்மூட்ல இல்லீங்களே அப்பா. சேவல் வேணும்னா பிடிச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு வேண்டியதும் சேவல்தான். பெட்டையைக் கொண்டுபோனால் பழைய கதையேதான் நடக்கும். இரண்டு பங்குச் சேவல் ஒன்று கறுப்புப் பெட்டைகளோடு சேர்ந்தால் வீடு நிறைய வரி வரும். அறிவியலும் வயிற்றெரிச்சலும் ஒரே பேச்சில் ஒத்துப்போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நான் நினைத்தது, இளஞ்சேவல்களில் ஏதாவது ஒன்றைப் பிடிப்பார்கள் என்று. அப்பா முருங்கை மரத்தடிக்குப் போய், பழைய சேவலின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். என் கல்யாணத்தன்று கொடுத்தாரே, அதை. "இது நாங் குடுத்ததுதானே" என்று சொல்லிக்கொண்டே கக்கத்தில் இடுக்கினார். அகலக் கோடு வெயிலில் பளபளத்தது. சேவலை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் வாயால் சொல்லியிருந்தேன். எப்படித் தடுப்பது? அவர்கள் போனபிறகு முருங்கை மரத்தில் சேவலைக் கட்டியிருந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. என் புருஷன் அதை அவிழ்த்துப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

அடுத்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் மறுபடியும் வரிக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பழைய சேவலுக்கும் கறுப்புப் பெட்டைகளுக்கும் பிறந்தவை. அக்கா அந்தியூரிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். பெட்டைகளையும் தயங்காமல் கொடுத்திருந்தாள், அவள்தான் நல்லவளாயிற்றே. நோம்பிக்கு வந்த பங்காளிகளுக்கு அப்பா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன்னுமில்லாமப் போயிருந்துச்சுங்க. பெரியவ கைபட்டதும் எப்படிப் பெருகிருச்சு பாருங்க. அவ கைராசி அப்படி."

"அந்தக் கறுப்புக்கு எப்படியுங்க வரி வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது அவ ராசிதானுங்க" என்றார் அப்பா.

நான் காப்பித் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். இசட், டபிள்யூ, இரண்டு பங்கு, தடுப்பூசி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் ராசிதான் என்று நம்பியிருப்பாள் போலிருக்கிறது. நான் தட்டை நீட்டினேன், எல்லோரும் காப்பி எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அப்பா கோழிகள் பக்கம் போனார். இத்தனை நடந்த பிறகும் என் கண் அவர் கையைத்தான் பார்த்தது. திரும்பி வந்தபோது கையில் கால் கட்டிய சேவல் ஒன்று தொங்கியது.

"வெறுங்கையோட போகாத கண்ணு. இந்தச் சேவலப் பிடிச்சுக்க."

வாங்கி இறகை விரித்துப் பார்த்தேன். கோடு ஒடுக்கமாக, உடம்பு கறுத்துத் தெரிந்தது. தாய் கறுப்பல்லவா, இதற்கு வரி தகப்பன் வழியில் வந்த ஒரே பங்குதான். இரண்டு பங்குச் சேவல் அந்தியூரில் அக்கா வீட்டில் நின்றது. "சரீங்கப்பா" என்று சொல்லி, காரில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டேன்.